தூரத்துப் பொத்தான்

எருத்தேன்பதியில் தன் வீட்டில் கேட்கும் சத்தம் மூணாறு வரைக்கும் மலையேறிக் கூடவே வரும் என்று யோகப்பிரியா நினைக்கவில்லை.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கனமான பொத்தான் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் போய் மாட்டிக்கொள்ளுமே, அந்த அளவுக்கு ஒரு 'டொக்'. அவள் அறையில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் கதவுக்கு எட்டாத மூலையிலிருந்துதான் அது வரும். ஊரில் அது அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மா அதைப் பல்லி என்றாள். "நல்லதுதான் சொல்லுது, கம்முன்னு படு கண்ணு" என்று போர்வையை இழுத்து விட்டாள். கரண்ட் வேலைக்கு வந்த ஆள் சுவிட்ச் பெட்டிகளையெல்லாம் கழற்றிப் பார்த்து, இரண்டு கரப்பான்பூச்சிகளைக் கொன்ற திருப்தியோடு போனார். சத்தம் நிற்கவில்லை. கேட்டதும் எழுந்து அறையை விட்டு வெளியே வந்துவிடுவதை அவள் பழக்கமாக்கிக்கொண்டாள். பாதிக் குளியலில் ஈரத் துணியோடு ஓடி வந்ததும் உண்டு.

இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், வாழ்நாளில் முதல்முறையாகக் கால் வைத்திருக்கும் வீட்டில், டீ டம்ளரைக் கையில் வாங்குகிற நேரத்தில், உள்ளறையின் தூர மூலையிலிருந்து அதே 'டொக்'.

"என்ன தாயி, ரொம்பச் சுடுதா?" என்றாள் வேலுத்தாய், தரையில் சிந்திய டீயைத் துடைத்தபடி.

"இல்லீங்கம்மா. கை நழுவிருச்சுங்க."

வேலுத்தாய் ராஜசேகரின் அம்மா. எதிரே கம்பளித் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியமுத்து அவனுடைய அப்பா. ராஜசேகர் செத்து ஒரு வருஷம் ஆகிறது. மறுநாள் வருஷத் திதி. அதற்காகத்தான் பிரியா பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். வெளியில் சொன்ன காரணம் அது. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வேறு. சின்னாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தியவர், ஆளில்லாத காரில் யாரோடு பேசுகிறாள் இந்தப் பெண் என்று குனிந்து பார்த்தார்.

உங்க பையன் மேல தப்பில்லீங்க. தப்பு பண்ணுனது நானுங்க. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

முன்னறைச் சுவரில் முருகன் இருந்தார், தோட்டத் தொழிற்சங்கக் காலண்டர் இருந்தது, ராஜசேகரின் அக்கா முருகேஸ்வரியின் கல்யாணப் படம் இருந்தது. ராஜசேகர் இல்லை.

அவள் கண் போன இடத்தை வேலுத்தாய் பார்த்துவிட்டாள். "படம் உள்ளதான் இருக்கு தாயி. பெட்டி மேல கவுத்தி வச்சிருக்கு. அவுக மாட்ட விட மாட்டேங்காக."

பெரியமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் போடுகிற ஆளில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"பாக்டரில தேயில உருட்டுத ரோலர் ஓட்டுன ஆளும்மா நான். கழுவி முடிச்சு சுச்சப் போடுததுக்கு முன்னால உள்ள போயி, ஒரு சுத்துச் சுத்தி வந்து, 'உள்ள யாராச்சும் இருக்கீகளா'ன்னு கேட்டுட்டுத்தான் போடுவேன். எங்கையால ஒருத்தனுக்கு நகம் பேந்தது கெடையாது. அவன் சின்னப் புள்ளையா இருக்கையில தோள்ல தூக்கிட்டுப் போயி அதக் காட்டுவேன். அப்பேர்ப்பட்டவன் பட்டன அமுக்கிட்டு வெளிய வராம உள்ளயே நின்னு செத்தான்னு பேப்பர்ல எழுதி அனுப்பிட்டாக. படிச்சவன், இம்புட்டுக் கவனமில்லாதவன்னு லயத்துல பேசுதாக. எனக்கு அவன் செத்ததவிட இதுதாம்மா ஆறல."

பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும்.

அவளும் ராஜசேகரும் ஆராய்ச்சி செய்த இடம் வடக்கே ஒரு சிங்க்ரோட்ரான். பெரிய வட்டக் குழாய்க்குள் எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓட விடுவார்கள்; அவை வளைந்து திரும்புகிற இடங்களில் எக்ஸ் கதிர் தெறிக்கும். அந்தக் கதிரை இடப்பக்கம் சுழலவிட்டு ஒரு தடவை, வலப்பக்கம் சுழலவிட்டு ஒரு தடவை காந்தப் படலத்தின் மேல் பாய்ச்சுவார்கள். ஓர் அளவிலிருந்து மற்றதைக் கழித்தால் பொதுவாக இருப்பதெல்லாம் போய், காந்தத்தால் வந்த வித்தியாசம் மட்டும் மிஞ்சும். உள்ளே அணுக்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று அந்த மிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

படலத்தை வைக்கும் அறைக்கு ஹட்ச் என்று பேர். ஈயம் பொதிந்த சுவர்கள், ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கனத்த கதவு. நடுவில் திரவ ஹீலியத்தில் குளிர்ந்துகொண்டு ஆளுயரக் காந்தம். கதிரைத் திறந்துவிடும் முன் உள்ளே யாரும் இல்லை என்று தேடிப் பார்க்க வேண்டும். காந்தத்தைச் சுற்றிப் போய்த் தூர மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தி, திரும்பி வந்து கதவோரப் பொத்தானை அழுத்தினால்தான் கதவு பூட்டும். ராஜசேகர் ஒவ்வொரு முறையும் நடந்து போவான். போகும்போது அப்பாவைப் போலவே குரல் கொடுப்பான். "இருக்கறவன் இந்திக்காரனா இருந்தா என்ன பண்ணுவே?" என்று பிரியா கேலி செய்வாள். "கூப்பிடுத சத்தம் எல்லாத்துக்கும் புரியும்" என்பான் அவன்.

பிரியாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. கிடைத்த நாட்கள் கொஞ்சம், மாற்ற வேண்டிய படலங்கள் நிறைய. இரண்டு அலுமினியக் குழாய்களைத் திருகி இணைத்து, நுனியில் ரப்பர் மாட்டி, கதவோரத்தில் நின்றபடியே தூரத்துப் பொத்தானை எட்டிக் குத்த ஒரு கோல் செய்துகொண்டாள். இரும்பென்றால் காந்தம் பிடுங்கிக்கொள்ளும், அதனால் அலுமினியம். தென்னந்தோப்புக்காரி இல்லையா, அதற்குத் துரட்டி என்று பேரும் வைத்தாள். ராஜசேகர் அதைப் பார்க்கும் போதெல்லாம் திட்டினான். அவன் இல்லாத நேரத்தில்தான் அவள் அதை எடுப்பாள்.

அன்று காலை அவன் இல்லை என்று நினைத்துத்தான் எடுத்தாள். ஹீலியக் குழாயில் உறைபனி படிகிறது, பார்க்கணும் என்று அவன் சொன்னது காதில் விழுந்திருந்தது. டீ குடிக்கப் போயிருப்பான் என்று வைத்துக்கொண்டாள். நிஜமாகவே அப்படி நினைத்தாளா, அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்ததா என்று இன்று வரைக்கும் அவளுக்கே தெரியவில்லை. கோலை நீட்டினாள். குத்தினாள். கதவோரப் பொத்தானையும் அழுத்திக் கதவைச் சாத்தினாள். அவன் காந்தத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான், இரைச்சலுக்காகக் காதை அடைத்துக்கொண்டு. காந்தப் புலத்தை ஏற்றியபோது காந்தம் குளிர்ச்சி இழந்து சூடேறியது. திரவ ஹீலியமெல்லாம் ஒரே மூச்சில் ஆவியாகி அறையை நிறைத்தது. ஆக்சிஜன் குறைந்ததைச் சொல்லும் மணி அடங்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவள் விதிப்படி வெளியே நின்றாள், அன்றைய வேலை கெட்டதே என்று எரிச்சலோடு.

விசாரணையில் இயந்திரம் பொய் சொல்லவில்லை. தூரத்துப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. அங்கே போய் நிற்காமல் அதை அழுத்த முடியாது. அங்கே கிடந்தவன் ராஜசேகர். ஆகவே அழுத்தியவன் அவன். அவன்தான் அழுத்தினானா, வெளியே வந்துவிட்டான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினாயா என்று அவளைக் கேட்டபோது அவள் "ஆமாம்" என்றாள். துரட்டியைத் திருகிக் கழற்றிப் பழைய குழாய்களோடு போட்டுவிட்டாள். அந்த அளவீடுகளை வைத்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். நடந்ததிலிருந்து அவள் சொன்னதைக் கழித்தால் அந்தக் கோல் ஒன்றுதான் மிஞ்சும். அதை ஒரு வருஷமாக வயிற்றுக்குள் சுமந்துகொண்டு திரிகிறாள்.

"ஏம்மா" என்றார் பெரியமுத்து. "நீ பக்கத்துல இருந்த புள்ள. உன்னயத்தான் நம்புவேன். எம்மவன் போயி அந்தப் பட்டன அமுக்குனத நீ கண்ணால பாத்தியா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, நாளைக்கு நானே அவன் படத்த நடுவீட்டுல மாட்டுதேன்."

அடுக்களை வாசலில் வேலுத்தாய் அசையாமல் நின்றாள். வெளியே கொளுந்து ஏற்றிய டிராக்டர் ஒன்று இருமிக்கொண்டு போயிற்று. பிரியா வாயைத் திறந்தாள். சொல்லிப் பழகிய வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

"பாத்தனுங்கப்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, "ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம், பாத்துட்டு வாரேன்" என்று போய்விட்டார். வேலுத்தாய் அழவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நாளைக்குக் கோயிலில் பூசாரியிடம் சொல்ல வேண்டும் என்று குடையை எடுத்தாள்.

"நீ உள்ள போயி சேகர் கட்டில்ல கொஞ்சம் படு தாயி. ஒம் பையி பெட்டி மேலதான் வச்சிருக்கேன். மஞ்சு எறங்குது, சன்னலச் சாத்திக்க."

அவள் தலை மறைந்ததும் பிரியா எழுந்துவிட்டாள். படுப்பதற்கில்லை. ஓடிவிட வேண்டும். மரம் கிடந்தால் கிடக்கட்டும், காரிலேயே உட்கார்ந்திருக்கலாம், இந்த மனிதர்களின் முகத்தில் மட்டும் இனி விழிக்க முடியாது. கார்ச் சாவி பையில் இருந்தது. பை உள்ளறையில் இருந்தது.

உள்ளறை சின்னது. ஒரு கட்டில், கொடியில் தொங்கும் ஸ்வெட்டர்கள், கடைசி மூலையில் டிரங்குப் பெட்டி, அதன் மேல் அவளுடைய பை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த படச் சட்டத்தின் அட்டை முதுகு. ஜன்னல் வழியாக மஞ்சு, வெள்ளை மூடுபனி, வந்துகொண்டிருந்தது. மலையில் அது சாதாரணம்தான், மாலையானால் வீட்டுக்குள் வந்து துணியையெல்லாம் நனைத்துவிட்டுப் போகும் என்று ராஜசேகர் சொல்லியிருக்கிறான். ஆனால் இந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது முதல் மூக்கில் ஏறியிருந்த விறகுப் புகையும், ஈரச் சாக்கும், பாக்டரியிலிருந்து மிதந்து வரும் வறுத்த தேயிலை மணமும், கட்டிலைக் கடந்து மூலைக்குப் போவதற்குள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் ஒரு வாசனையும் இல்லாத குளிர் மட்டும் இருந்தது. பெட்டியின் இரும்பு விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. உறைபனி.

முன்னறையில் யாரோ வந்தார்கள்.

பெரியமுத்துதான் திரும்பிவிட்டார் என்று நினைத்தாள். பேச்சில்லை. நடை மட்டும் கேட்டது. அவசரமில்லாத நடை. சுவரை ஒட்டியே வந்தது, மூலைக்கு மூலை நின்றது. நாற்காலியை நகர்த்தியது. அடுக்களைக்குப் போனது, அங்கேயும் மூலை வரைக்கும் போய் நின்றது. ஒரு இடத்தையும் விடவில்லை. எதையோ தேடுகிறவனின் நடை இல்லை அது. எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறவனின் நடை.

அவளுக்கு அந்த நடை தெரியும்.

"உள்ள யாராச்சும் இருக்கீகளா?"

குரல் மெலிந்து, உயர்ந்து, பொம்மையின் கீச்சுக்குரல் போல இருந்தது. பிரியா பையை எடுத்து அணைத்துக்கொண்டு குனிந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. தனக்கேகூட முழுசாகச் சொல்லிக்கொள்ளாதது. அன்று, மணி அலறிக்கொண்டிருக்கும்போது, கனத்த கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை ஒரு கீச்சொலி கேட்டது. வால்வில் வாயு வெளியேறும் விசில் என்று எடுத்துக்கொண்டாள். ஹீலியம் நிறைந்த தொண்டையிலிருந்து மனிதக் குரல் அப்படித்தான் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் அப்போதே தெரியும். கதவின் கைப்பிடியில் கையை வைத்தாள். வைத்துவிட்டு எடுத்துவிட்டாள்.

நடை உள்ளறைக்குள் வந்தது.

கட்டிலின் அடி வழியாகப் பார்த்தாள். இரண்டு கால்கள். ஆய்வுக்கூடத்தில் போட்டுக்கொள்ளும் தடித்த ஷூக்கள். நடந்த இடத்திலெல்லாம் சிமெண்டுத் தரை வெளுத்தது. கட்டிலின் கால்மாட்டைச் சுற்றின. அவள் பக்கம் திரும்பின. அவளுக்கு எதிரே வந்து நின்றன. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"உள்ள யாராச்சும் இருக்கீகளா?"

பொறுமையாகத்தான் கேட்டது. கோபம் இல்லை. பதில் சொன்னால் நிறுத்திவிடுவான், அதுதானே விதி. இருக்கேன் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அன்று பொத்தானைக் குத்தியது யார் என்று சொல்ல வேண்டும். பிரியா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசாரணை அறையில் மூடிக்கொண்ட அதே வாய்.

அவன் காத்திருந்தான். ரொம்ப நேரம்.

டொக்.

அவள் தலைக்கு நேர் மேலே. வெறும் சுவர்.

கால்கள் திரும்பின. கட்டிலைச் சுற்றின. கதவு வரைக்கும் போயின. இனி கதவோரத்தில் வரப்போகும் இரண்டாவது சத்தத்தை அவள் எருத்தேன்பதியில் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குள் ஓடி வந்துவிடுவாள். இப்போது எழ முடியவில்லை. கை கால் மரத்துவிட்டது. மூச்சு வருகிறது, போகிறது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை.

கதவோரத்தில், டொக்.

"தாயி? ஏ பிரியா?"

வேலுத்தாய். நிஜமான குரல். நிஜமான மனுஷி. முந்தானையில் மழை ஈரத்தோடு கதவில் நின்று பார்த்தாள். பிரியாவின் முகத்தைத்தான் பார்த்தாள். பார்வை அவள் மேல் விழுந்து, அவளைத் தாண்டி, சுவருக்குப் போயிற்று.

"புள்ளையக் காணுமே. காரு வெளிய நிக்குது."

"யாரு ஜீப்புலயாவது டவுனுக்குப் போயிருக்கும்" என்று பெரியமுத்துவின் குரல் வந்தது. "உள்ள நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். யாருமில்ல."

அவர் அதோடு விடுகிற ஆளில்லை. தாமே உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அறையைச் சுற்றி நிதானமாக நடந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் குனிந்தார். அவருடைய மூச்சின் வெற்றிலை வாசம் அவள் முகத்தில் பட்டது.

"உள்ள யாராச்சும் இருக்கீகளா?"

பிரியா வாயிலிருந்து கையை எடுத்தாள். சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான் இருக்கறனுங்கப்பா. உங்க பையன் அமுக்கலீங்க. நாந்தானுங்க அமுக்குனேன், கோல வச்சு அமுக்குனேன், அவரு கத்துனது எனக்குக் கேட்டுச்சுங்க, கேட்டும் தொறக்கலீங்க. ஒரு வருஷத்து வார்த்தைகள் ஒன்றும் பாக்கியில்லாமல் வெளியே வந்தன. அவள் காதிலேயே அவை விழுந்தன. ஊசி முனை போல ஒரு கீச்சொலி.

பெரியமுத்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னமோ விசிலடிக்குதே."

"சன்னல் இடுக்குல காத்து" என்றாள் வேலுத்தாய். "மஞ்சு பூராவும் உள்ள வருது. கதவச் சாத்துங்க."

அவர் இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். தம் வேலையைச் சரியாகச் செய்து முடித்த முகத்தோடு வெளியே போய்க் கதவை இழுத்தார். முன்னறை வெளிச்சம் ஒரு கோடானது. கோடும் போயிற்று. தாழ்ப்பாள் விழுந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, அந்த இடுக்கில், அவளுக்கு முன்பே காதை அடைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தவன், அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சற்று நகர்ந்து இடம் விட்டான்.